இருபத்திரண்டு கட்டங்கள்

டெல்ஃபீனா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனாலும் மகள் நெரெய்தா உயர்நிலைப் பள்ளியை முடிக்க எத்தனை கிரெடிட் வேண்டும், எந்தப் பாடம் எந்த வருஷம், எதை விட்டால் எது கைநழுவும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அன்றே சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் கிரெடிட்டுக்கு ஒன்றாகத் தச்சர் பென்சிலால் இருபத்திரண்டு கட்டங்கள் போட்டுவிட்டாள். ஒரு வருஷப் பாடம் தேறினால் ஒரு கட்டம் முழுக்கக் கறுப்பாகும், அரை வருஷம் என்றால் பாதி. சோள மாவை எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மாவில் கை வைப்பாள்.

"லொத்தேரியா ஆட்டத்து அட்டை மாதிரி போட்டு வெச்சிருக்கியே, கட்டத்த மூடறதுக்கு ஒரு பிடி பயறு கொண்டாரட்டுமா?" என்று கிண்டல் செய்தார் அவள் புருஷன் எவுசேபியோ ஓச்சோவா.

"கொண்டாங்க. கடைசிக் கட்டம் மூடுற அன்னிக்கு ஆட்டம் எம்பொண்ணுக்கு. நீங்க அப்பவும் வெள்ளரித் தோட்டத்துலதான் குனிஞ்சிட்டிருப்பீங்க."

அவள் சொன்னதில் இரண்டாவது பாதி அப்படியே பலித்தது.

டெக்சஸின் தென்கோடியில், ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில், ஏப்ரல் பிறந்தால் பாதி வீடுகளின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். வண்டியில் சட்டி பானையோடு மூன்று நாள் வடக்கே ஓடினால் மிஷிகன். செர்ரி, வெள்ளரி, ஆப்பிள் என்று பறித்து முடித்து அக்டோபர் கடைசியில்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் இவர்களுக்காகக் காத்திருக்குமா? அது பாட்டுக்கு நடக்கும். ஏப்ரலில் கிளம்பும் பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்திலும் பின்பாதி அறுந்துபோகும்.

அதற்கும் டெல்ஃபீனா ஒரு வழி வைத்திருந்தாள். மார்ச் மாதமே டமாலி என்ற சோளமாவுக் கொழுக்கட்டை வேகவைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியர் முன்னாலும் போய் நிற்பாள். கடைசிப் பரீட்சையை முன்கூட்டியே வைத்துவிடுங்கள் என்று கெஞ்சுவாள். பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி ஆசிரியர் மட்டும் டமாலியையும் வாங்கவில்லை, பரீட்சையும் வைக்கவில்லை. அந்த அரைக் கிரெடிட்டை மிஷிகனில், தோட்ட வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்குக் கோடையில் நடந்த காலை வகுப்பில் நெரெய்தா படித்து முடித்தாள். அக்டோபரில் வீடு திரும்பியதும் மூட்டையைக்கூடப் பிரிக்காமல் டெல்ஃபீனா அலமாரியைத் திறந்து அந்த அரைக் கட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

ஜனவரியில் செத்துப்போனாள். இருமல், இருமல் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் இருமல் இல்லை.

அதன் பிறகு பள்ளிக்கூடத்துப் படியேறிக் கேட்க வீட்டில் ஆளில்லை. எவுசேபியோ அந்தக் கட்டிடத்தைக் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். நெரெய்தாவே ஆசிரியர்களிடம் பேசி, தானே கட்டங்களை மூடிக்கொண்டு வந்தாள். அவர் மாவெடுக்கும்போது பார்ப்பார். கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

பள்ளியின் கடைசி வருஷத்தில் நெரெய்தாவுக்குப் பெரிய அதிர்ஷ்டம் ஒன்று வாசல்வரை வந்தது. வயல்வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு அறக்கட்டளை கொடுத்த உதவித்தொகைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாநிலத் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மார்ச் முதல் தேதிக்குள் பள்ளி முத்திரையோடு மார்க் ஷீட் போய்ச் சேரவேண்டும், அதில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

"என்னப்பா, பொண்ணு பெரிய படிப்பு படிச்சு வெள்ளரிக்காய்க்கு இங்கிலீஷ்ல பேர் வைக்கப் போவுதாமே?" என்றார் பக்கத்து வீட்டு ரெமீஹியோ, வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து.

"ஆமா. உனக்கும் ஒரு பேர் வைக்கச் சொல்றேன்" என்றார் எவுசேபியோ. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிப்ரவரி இரண்டாவது வாரம் பள்ளியின் படிப்பு ஆலோசகர் மிஸஸ் கவாசோஸ் அப்பாவையும் மகளையும் கூப்பிட்டு அனுப்பினார். நானூறு பிள்ளைகளுக்கு அவர் ஒருத்தர்தான். மேசைமேல் கோப்புகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி நடுவில் முகம் தெரிய வழி செய்துகொண்டு, பெரியவர்களை அழைக்கும் 'தோன்' போட்டு மரியாதையாகப் பேசினார்.

"தோன் எவுசேபியோ, ஒக்காருங்க. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நெரெய்தாவுக்கு அரைக் கிரெடிட் குறையுது. ஜியாமெட்ரி, ரெண்டாவது பாதி."

எவுசேபியோ சிரித்தார். "அது முடிஞ்சிடுச்சு மிஸ். வடக்க முடிச்சா. எங்க வீட்டு அலமாரில இருக்கு."

"சர்டிபிகேட்டா?"

"கட்டம்" என்றார். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கே உறைத்தது.

நெரெய்தா குறுக்கே வந்தாள். "மிஸ், நான் பரீட்சை எழுதினேன். மிஸ்டர் வான்டர்மேர்னு ஒரு சார். அம்மா எல்லாத்தையும் அனுப்பச் சொல்லிட்டு வந்தாங்க."

மிஸஸ் கவாசோஸ் உடனே மிஷிகனுக்குப் போன் போட்டார். நல்ல மனுஷிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா பெண் பதிவேடுகளைப் புரட்டினாள். ஓச்சோவா, நெரெய்தா என்று எழுத்தெழுத்தாகச் சொன்னார் ஆலோசகர். இல்லை என்றது போன். அந்த சாரைக் கேளுங்களேன் என்றார். அவர் கோடைக்கு மட்டும் வருபவர், குளிர்காலத்தில் எங்கே இருப்பாரோ தெரியாது என்றது போன். கடைசியாக அந்தப் பெண் ஏதோ கேட்க, மிஸஸ் கவாசோஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"இவளுக்கு வேற ஏதாச்சும் பேர் இருக்கான்னு கேக்கறாங்க. வேற பேர்ல சேத்தீங்களா?"

நெரெய்தா அப்பாவைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்கு இரண்டு குடும்பப்பெயர். முதலில் அப்பாவுடையது, பின்னால் அம்மாவுடையது. நெரெய்தா ஓச்சோவா லெர்மா. சின்ன வகுப்பில் சேர்க்கப் போனபோது டெல்ஃபீனா அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்த குமாஸ்தா, ஒரு பிள்ளைக்குள் எத்தனை குடும்பம்தான் குடியிருக்கிறது என்று சிரித்தான். சிரித்தது போதாதென்று, ரெண்டு பேர் இருந்தால் குடியேற்ற அதிகாரிகள் கள்ளப் பேப்பர் என்று சந்தேகப்படுவார்கள் என்றும் ஒரு வார்த்தையைப் போட்டான். எவுசேபியோ அன்றோடு லெர்மா என்ற பெயரை அடித்து நீக்கிவிட்டார். இந்த நாட்டில் ஒரு பெயர் போதும், அதை நேராகச் சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கவேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டார். டெல்ஃபீனா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் பேசினாள், ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி அல்ல.

ஆகவே இப்போது ஆலோசகர் கேட்டதும் எவுசேபியோவுக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது.

"வேற பேரெல்லாம் இல்ல மிஸ். நாங்க நேர்மையான ஆளுங்க. எம்பொண்ணுக்கு ஒரே பேர்தான், அப்பன் பேரு. ஓச்சோவா."

"நிச்சயமா?"

"சத்தியமா."

மிஸஸ் கவாசோஸ் போனில் இல்லை என்று சொல்லி நன்றி சொல்லி வைத்துவிட்டார். வெளியே பெஞ்சில் ஆறு பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அன்று மாலை எவுசேபியோ அலமாரியைத் திறந்து வெகுநேரம் நின்றார். எல்லாக் கட்டங்களும் நிதானமாக, ஓரம் பிசகாமல் மூடப்பட்டிருந்தன. அந்த அரைக் கட்டம் மட்டும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வழிந்திருந்தது. அதை மூடும்போதே டெல்ஃபீனாவுக்கு உடம்பு தளர்ந்திருந்தது.

"அம்மா ஆசப்பட்டு முன்கூட்டியே மூடிட்டாளோ?" என்றார்.

"நான் எழுதினேம்பா."

"எழுதினா பேப்பர் எங்க?"

நெரெய்தா அலமாரிக் கதவைப் பார்த்தாள். ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் விண்ணப்பங்கள் எழுதியவள். அந்தக் கோடையில் அம்மாவுக்கு இரவெல்லாம் நெஞ்சு தேய்த்துவிட்டு, காலையில் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தவள். தான் எழுதியது கடைசிப் பரீட்சைதானா, அதற்கு முந்தியதா என்று அவளுக்கே ஒரு நிமிஷம் குழம்பியது. அந்த ஒரு நிமிஷத்தை அவர் பார்த்துவிட்டார்.

சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார்.

"அப்பா, விடுங்க. அது அம்மா கை பட்டது."

"பள்ளிக்கூடம் இல்லங்குது, கவர்மெண்ட் பேப்பர் இல்லங்குது. நம்ம வீட்டுக் கதவு மட்டும் பொய் சொல்லக்கூடாது தாயி."

சுரண்டினார். தச்சர் பென்சில் மரத்துக்குள் நன்றாக இறங்கியிருந்தது. கறுப்பு போகவேண்டுமென்றால் மரமும் கூடப் போகவேண்டியிருந்தது. முடித்தபோது அந்த இடத்தில் விரல்நுனி அமரும் அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. தூள் சோள மாவுப் பைமேல் விழுந்தது, அவர் அதை ஊதித் தள்ளினார்.

மார்ச் முதல் தேதி வந்தது, போனது. அறக்கட்டளைக்காரர்கள் மரியாதையான கடிதம் ஒன்று அனுப்பினார்கள். குறையுள்ள பதிவை ஏற்க விதியில் இடமில்லை என்றும், அவளுடைய எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்றும் இருந்தது. நெரெய்தா தினமும் பள்ளி முடிந்த பிறகு, ஏற்கெனவே படித்த ஜியாமெட்ரியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மற்ற பிள்ளைகள் திணறியபோது இவள் கணக்கை ஆசிரியருக்கு முன்னால் போட்டு முடித்தாள். அதைப் பார்த்தாவது யாருக்காவது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும், ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வருஷம் எவுசேபியோ மே கடைசிவரை ஊரில் இருந்தார். பட்டமளிப்பில் "நெரெய்தா ஓச்சோவா" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது எழுந்து நின்று கைதட்டினார். வீட்டுக்கு வந்து, குழி விழுந்த இடத்தில் பென்சிலால் பூசினார். குழிக்குள் பென்சில் சரியாக ஏறவில்லை. மூன்றாம் நாள் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு இருவரும் வடக்கே கிளம்பினார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷிகன் கடைத்தெருவில், அரைக்கால் சட்டை போட்ட உயரமான வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் மளிகைக் கடை வாசலில் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நெரெய்தா தானே நீ? தொண்ணூத்தாறு மார்க்கு. அந்தக் கிளாஸ்ல எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், மறந்த பேர்னு ஒண்ணு கெடையாது. எந்தக் காலேஜ்?"

அவர்தான் வான்டர்மேர். நெரெய்தா தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். கிழவர் முகம் சுருங்கியது.

"நான் கையெழுத்துப் போட்டேனேம்மா. வா, நாளைக்கே ஆபீசுக்குப் போவோம்."

மறுநாள் எவுசேபியோ செர்ரித் தோட்டத்தில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு கூடப் போனார். கிழவர் தன் பழைய மார்க்கு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். எட்டுப் பிள்ளைகளின் பெயர்கள். நெரெய்தா எல்., தொண்ணூற்றாறு.

"எல்லுன்னா?" என்றார் எவுசேபியோ, மகளிடம் மெதுவாக. 

குமாஸ்தா பெண் இந்தத் தடவை வேறு இழுப்பறையைத் திறந்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஊரில் கடைசியாக எழுதுவதுதான் குடும்பப்பெயர். லெர்மா, நெரெய்தா ஓ. ஜியாமெட்ரி, இரண்டாம் பாதி, தேர்ச்சி. அதோடு சேர்க்கைப் படிவம், டெல்ஃபீனாவின் கோணல்மாணல் எழுத்தில். எவுசேபியோ டிராக்டர்மேல் இருந்த நாளில் அவளே தனியாகப் போய் நிரப்பிக் கொடுத்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில் மகளுக்குத் தன் பெயரையும் வைத்திருந்தாள். ஓச்சோவா ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஓரமாக நின்றது. படிவத்தின் அடியில், டெக்சஸ் பள்ளிக்கு நகல் அனுப்பப்பட்டது என்று ரப்பர் முத்திரையும் தேதியும் இருந்தன.

நெரெய்தா தோட்ட வேலைக்காரர்கள் தங்கும் முகாமின் காசு போனிலிருந்து அறக்கட்டளைக்குப் பேசினாள். அவளுடைய இடம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் கேட்கலாமா என்றாள். பள்ளி முடிக்கும் வருஷத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

திரும்பி நடக்கும்போது எவுசேபியோ பேசினார். "பேர் இல்லன்னு நாந்தானே சொன்னேன்."

"ம்."

"திட்டு தாயி. ஏதாச்சும் சொல்லு."

"எனக்கும் தோணிச்சுப்பா. அம்மா எழுதிக் குடுத்திருப்பாளோன்னு அன்னிக்கே தோணிச்சு. நீங்க சத்தியம்னுட்டீங்க. மிஸ் முன்னாடி உங்கள எப்படி நான் மறுத்துப் பேசறது?"

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற மகள் வாயை மூடிக்கொண்டாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. செர்ரி வாளிகள் அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். டெல்ஃபீனா செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அக்டோபரில் ஊர் திரும்பியதும் அவரே பள்ளிப் படியேறினார், முதல் தடவையாகத் தனியாக. மிஸஸ் கவாசோஸ் அவர் மிஷிகனிலிருந்து கொண்டுவந்த பேப்பரை வாங்கிப் படித்தார். எழுந்து, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த, யாருடையது என்று தெரியாத காகிதங்களைப் போட்டுவைக்கும் இழுப்பறையைத் திறந்தார். நகல் அங்கே இருந்தது, இரண்டு வருஷமாக.

"இங்கயே இருந்திருக்கு, தோன் எவுசேபியோ. எம்முதுகுக்குப் பின்னாடி." நகலை மேசைமேல் வைத்தார். "எங்கம்மா பேரும் நான் எழுதறதில்ல. எனக்காவது தோணியிருக்கணும்."

"நீங்க கேட்டீங்க மிஸ். நாந்தான் இல்லன்னேன்."

அந்த வாரமே நெரெய்தா சமையலறை மேசையில் உட்கார்ந்து பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பினாள். பகலில் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை, சாயங்காலம் இரண்டு வகுப்பு. நான்கு வருஷப் படிப்பு அந்தக் கணக்கில் எட்டோ ஒன்பதோ ஆகும். எவுசேபியோ காபிக் கோப்பையோடு அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். பெயர் எழுதும் இடத்தில் அவள் பேனா வந்ததும் வாயைத் திறந்தார்.

"ரெண்டையும் எழுது தாயி. அம்மா பேரையும்."

நெரெய்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. "முடியாதுப்பா."

"ஏன், எடம் இல்லையா?"

"எடம் இருக்கு. பள்ளிக்கூடத்துப் பேப்பர் எல்லாம் ஓச்சோவால இருக்கு. அந்த அரைக் கிரெடிட்டக்கூட மறுபடியும் படிச்சு ஓச்சோவாலதான் வாங்கினேன். இப்ப லெர்மான்னு சேத்தா எல்லாம் திரும்பத் தொலஞ்சிடும். இன்னொரு தடவ என்னால முடியாது."

ஓச்சோவா என்று மட்டும் எழுதி, மை காய ஊதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

எவுசேபியோ கோப்பையை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனார். இரவுக்கு ரொட்டி தட்டவேண்டும். அலமாரியைத் திறந்து, சோள மாவை எடுக்காமல், கட்டங்களை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். குழிக்கு வந்ததும் விரல் அதற்குள் இறங்கி நின்றது. விட்ட இடம் மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.